வெப்பமண்டலப் பனைகளின் குளிர்தாங்கும் திறனை வீட்டுத் தோட்டத்தில் ஒப்பிடும் முறை

ஒரு பனை வகையைப் பற்றி "மைனஸ் 3 டிகிரி வரை தாங்கும்" என்று எழுதியிருந்தால், எது தாங்கும் என்பதே படிப்பவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி. ஓலைகள் கருகாமல் தப்புமா, ஓலைகள் எல்லாம் கருகிய பின்னும் குருத்து தப்புமா, குருத்தும் போய்த் தூரிலிருந்து பக்கக்கன்று மட்டும் எழுமா என்பவை மூன்று வேறு நிலைகள். ஒரே வகைக்குள்ளேயே இந்த நிலைகளுக்கிடையே சில டிகிரி இடைவெளி இருப்பது சாதாரணம். அந்தக் குளிர் ஒரு மணி நேரம் நீடித்ததா, ஒரு வாரம் நீடித்ததா, ஓலை உலர்ந்திருந்ததா, கன்றுக்கு வயது என்ன என்பவற்றையும் சேர்த்துப் பார்த்தால், ஒற்றை எண்ணைக் கொண்டு இரண்டு வகைகளை ஒப்பிடுவதில் எவ்வளவு பிழை புகுந்துவிடும் என்பது விளங்கும். வெளியிலிருந்து கிடைக்கும் எண்ணைத் தொடக்கக் கணிப்பாக மட்டும் வைத்துக்கொண்டு, ஒப்பீட்டைத் தம் தோட்டத்திலேயே, ஒரே இரவின் குளிரில் நின்ற செடிகளுக்கிடையே செய்வதுதான் நம்பத்தக்க வழி. இங்கே பனை என்ற சொல் தென்னை, கமுகு, ஈச்சை உட்பட அந்தக் குடும்பம் முழுவதையும் குறிக்கும். வெப்பநிலைகள் அனைத்தும் செல்சியஸ் அளவில் உள்ளன.

குளிர் எந்த இடத்தைத் தாக்குகிறது

கிளைவிட்டு வளரும் மரத்தின் நுனிகள் கருகிப்போனால், கீழே உறங்கிக் கிடக்கும் மொட்டுகள் விழித்துப் புதுக் கிளைகளைத் தரும். ஒற்றைத் தண்டாக வளரும் பனைக்கு அந்த வாய்ப்பு இல்லை. கொண்டையின் நடுவில், இளம் மட்டைகளின் அடிப்பகுதிகள் ஒன்றையொன்று சுற்றி மூடியிருக்கும் இடத்தில், ஒரே ஒரு வளர்முனை இருக்கிறது. அது செத்தால் மரமும் செத்தது. அரேக்கா பாம், ரேப்பிஸ் போன்ற தூர் கட்டும் வகைகளில் ஒரு தண்டு போனாலும் மற்றொன்று எழக்கூடும் என்பதால், அவற்றை ஒற்றைத் தண்டு வகைகளோடு ஒப்பிடும்போது "பிழைத்தது" என்ற சொல்லுக்கு இரு பக்கமும் ஒரே பொருள் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

பனையின் தண்டில் பட்ட காயம் ஆறுவதில்லை. மற்ற மரங்களைப் போல ஆண்டுதோறும் புது மரத்திசுவைச் சேர்க்கும் அடுக்கு அதற்குக் கிடையாது. நீரைக் கடத்தும் குழாய்கள் ஆயுள் முழுவதும் அதே குழாய்கள்தான். குளிரில் அவற்றில் ஒரு பகுதி கெட்டுவிட்டால், அந்தக் குறை உடனே தெரிவதில்லை. குளிர்காலம் கழிந்து, வெயில் ஏறி, ஓலைகள் மிகுதியாக நீர் கேட்கத் தொடங்கும்போதுதான் அது வெளிப்படுகிறது. தப்பிவிட்டது என்று எண்ணியிருந்த மரம் கோடையில் திடீரென்று வாடித் தலை சாய்வது பெரும்பாலும் இதனால்தான்.

குளிரின் தாக்குதலும் ஒரே விதமானதன்று. உறைநிலைக்குக் கீழே, செல்களுக்கு வெளியே இருக்கும் நீர் முதலில் பனிக்கட்டியாகி, செல்லுக்குள் இருக்கும் நீரை வெளியே இழுக்கிறது. செல் வறண்டு அதன் சவ்வு சிதைகிறது. தாழ்நில வெப்பமண்டல வகைகளோ உறைநிலை வருவதற்கு வெகு முன்பே, ஏறக்குறைய 10 டிகிரிக்குக் கீழே, நோகத் தொடங்கிவிடுகின்றன: சவ்வுகள் நெகிழ்வை இழந்து கசிகின்றன, குளிர்ந்த மண்ணில் வேர் வளர்ச்சி நின்றுபோகிறது, ஊட்டம் ஏறுவது குறைகிறது. இந்த இரண்டாவது சேதம் ஓர் இரவில் நடப்பதில்லை. நாள்கணக்கில் சேர்ந்துகொண்டே போகிறது. தென்னை இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. பகலில் வெயில் காய்ந்து மண் சூடாக இருக்கும் இடத்தில், சில மணி நேரம் பூச்சியத்தைத் தொட்ட இரவை அது ஓலைச் சேதத்தோடு கடந்துவிடலாம். பகலும் இரவும் 5 முதல் 12 டிகிரிக்குள்ளேயே ஈரமாகக் கழியும் வாரங்கள் அதைக் கொன்றுவிடும். 2010 ஜனவரியில் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் ஏறத்தாழ இரண்டு வாரம் தொடர்ந்த குளிர் தென்னைகளைப் பரவலாகச் சேதப்படுத்தியதில், குளிரின் ஆழத்துக்கு இருந்த பங்கு அதன் நீளத்துக்கும் இருந்தது.

தொடக்கத்துக்கு ஒரு வரிசை

கீழே வரும் எண்கள், நிலத்தில் ஊன்றி வேர்பிடித்த, ஓரளவு வளர்ந்த மரங்களுக்கு, குறுகிய நேர உலர்குளிரில் கடுமையான ஓலைச் சேதம் தொடங்கும் தோராயமான நிலையைச் சொல்கின்றன. ஓரிரு டிகிரி இப்பாலும் அப்பாலும் நகரலாம். வகைகளின் வரிசை, எண்களைவிட உறுதியானது.

எல்லாவற்றிலும் மென்மையானது லிப்ஸ்டிக் பாம் என்று விற்கப்படும் செந்நிற மட்டை உறை கொண்ட வகை. மலாய்த் தீபகற்பம், சுமத்ரா, போர்னியோ ஆகியவற்றின் தாழ்நிலச் சதுப்புகளைச் சேர்ந்த அதற்கு 10 டிகிரியே தொல்லை. அடுத்து கமுகும் தென்னையும்; இரண்டும் உறைநிலைக்கு மேலேயே அடிபடத் தொடங்கும். மணிலா பாம், பாட்டில் பாம், அரேக்கா பாம் ஆகியவை பூச்சியத்தை ஒட்டி நிற்பவை. பாட்டில் பாமின் நெருங்கிய உறவான ஸ்பிண்டில் பாம் அதைவிடச் சற்றுக் கூடுதலாகத் தாங்கும்.

மைனஸ் 2 முதல் மைனஸ் 4 வரையிலான இடைநிலையில்தான் வீட்டுத் தோட்டக்காரருக்கு வேண்டிய வகைகள் நெருக்கமாக இருக்கின்றன: ராயல் பாம், ஃபாக்ஸ்டெயில், அலெக்சாண்டர் பாம், அதன் உடன்பிறப்பான பேங்கலோ பாம், குள்ள ஈச்சையாகிய பிக்மி டேட் பாம், பிஸ்மார்க் பனை. இந்தக் கூட்டத்துக்குள் எது முன், எது பின் என்பதைத் தோட்டத்து ஒப்பீடுதான் தீர்க்க முடியும். குயின் பாம், சீன விசிறிப்பனை, ரேப்பிஸ், மெக்சிகோ வாஷிங்டோனியா ஆகியவை மைனஸ் 4 முதல் மைனஸ் 7 வரை செல்லும். பேரீச்சை, கேனரி ஈச்சை, கலிபோர்னியா வாஷிங்டோனியா ஆகியவை அதற்கும் கீழே தாங்கும். சீன மலைகளின் டிராக்கிகார்பஸ் மைனஸ் 15-ஐ ஒட்டிய குளிரையும் பார்த்துவிடும் என்றாலும், அதை வெப்பமண்டலப் பனை என்று சொல்ல முடியாது. ஒப்பீட்டில் ஓர் எல்லைக்கல்லாக வைக்கலாம்.

பெயர்க் குழப்பம் இங்கே எண்ணைவிடப் பெரிய ஆபத்து. அரேக்கா பாம் என்று விற்கப்படுவது மடகாஸ்கரைச் சேர்ந்த வேறொரு பேரினம். அரேக்கா என்ற பேரினப் பெயருக்கு உண்மையில் உரியது கமுகு. ஒன்றின் எண்ணை மற்றொன்றின் தலையில் ஏற்றிவிடுபவர்கள் பலர். அலெக்சாண்டர் பாமும் பேங்கலோ பாமும் பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும். ஓலையின் சிற்றிலையாகிய ஓலைக்காலின் அடிப்புறம் வெள்ளிச் சாம்பல் பூத்திருந்தால் முன்னது, இருபுறமும் பச்சையாக இருந்தால் பின்னது. குளிரைக் கூடுதலாகத் தாங்குவது பின்னதே. பிஸ்மார்க் பனையில் வெள்ளிநிற வடிவம் பச்சை வடிவத்தைவிட உறுதியானது. இரண்டு வாஷிங்டோனியாக்களும் கலந்து உருவான கலப்பின வகைகள் அவ்விரண்டில் ஏதோ ஒன்றின் பெயரிலேயே விற்பனைக்கு வருவதும் உண்டு. செடியின் அடையாளம் உறுதியாகாமல் அதன் குளிர்க்கணக்கை எழுதுவதில் பயனில்லை.

வெப்பமண்டலம் என்ற சொல்லை நம்பியும் ஏமாறக்கூடாது. கொலம்பியாவின் தேசிய மரமான ஆண்டிஸ் மெழுகுப்பனை நிலநடுக்கோட்டை ஒட்டிய நாட்டைச் சேர்ந்ததுதான். ஆனால் 2,000 மீட்டருக்கு மேற்பட்ட மலைச்சரிவுகளில் வளர்வதால் தென்னையைக் கொல்லும் தண்ணென்ற பருவமே அதற்கு உகந்தது, புழுக்கமான இரவுகள்தான் அதை வாட்டும். ஒரு வகையின் பிறப்பிடத்தைத் தேடும்போது நாட்டின் பெயரோடு நின்றுவிடாமல் உயரத்தையும் கடலின் அருகாமையையும் சேர்த்துத் தேட வேண்டும்.

செடிக்கு முன் தோட்டத்தை அளக்க வேண்டும்

அமெரிக்க வேளாண்மைத் துறையின் குளிர் மண்டல வரைபடத்தைப் பலர் மேற்கோள் காட்டுகிறார்கள். ஒவ்வொரு மண்டலமும் ஏறக்குறைய 5.6 டிகிரி அகலமுள்ளது. 2023-இல் வந்த பதிப்பு 1991 முதல் 2020 வரையிலான முப்பது ஆண்டுகளில், ஒவ்வோர் ஆண்டின் மிகக் குளிர்ந்த இரவையும் எடுத்துச் சராசரி கண்டது. மண்டலம் 10 என்றால் அந்தச் சராசரி மைனஸ் 1.1 முதல் 4.4 டிகிரிக்குள் இருக்கிறது என்று பொருள். சராசரி என்பதால் பல ஆண்டுகளில் அதைவிடக் குளிர்ந்த இரவு வந்தே தீரும். அந்தக் குளிர் எத்தனை மணி நேரம் நின்றது, மறுநாள் பகல் எவ்வளவு சூடேறியது என்பவற்றை வரைபடம் சொல்வதில்லை. பனைக்கோ அவைதான் முக்கியம்.

எனவே உச்ச-தாழ் வெப்பமானிகள் இரண்டையாவது வாங்கி, ஒன்றை நிழலும் காற்றோட்டமும் உள்ள இடத்தில் தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்திலும், மற்றொன்றைக் கன்றுகளின் குருத்து மட்டத்திலும் வைக்க வேண்டும். மேகமற்ற, காற்றசையாத இரவில் தரை தன் வெப்பத்தை வானுக்கு இழந்துகொண்டே இருப்பதால், தரையை ஒட்டிய காற்று மேலுள்ளதைவிடக் குளிர்ந்திருக்கும். ஓலையின் மேற்பரப்பு காற்றையும்விடக் குளிர்ந்துபோகும். ஒன்றரை மீட்டரில் 2 டிகிரி காட்டும் இரவில் கன்றின் ஓலையில் வெண்பனி படிந்திருப்பதற்குக் காரணம் இதுதான். வசதி இருந்தால், வெப்பநிலையை மணிக்கொரு முறை பதிவுசெய்து சேமித்து வைக்கும் கருவி மிக உதவும். தாழ்நிலையை மட்டும் அறிவதைவிட, 10 டிகிரிக்குக் கீழும் பூச்சியத்துக்குக் கீழும் கழிந்த மொத்த மணி நேரங்களை அறிவது பல மடங்கு பயனுள்ளது.

குளிர்ந்த காற்று கனமானது. நீரைப் போலப் பள்ளம் நோக்கி வடிந்து, வேலி அல்லது மதில் தடுத்தால் அங்கே தேங்கும். தோட்டத்தின் தாழ்ந்த மூலைக்கும் மேட்டுக்கும் ஒரே இரவில் சில டிகிரி வேறுபாடு வரக்கூடும். பெரிய மரத்தின் குடைக்குக் கீழும், பகலெல்லாம் வெயில் காய்ந்த கல் சுவரின் அருகிலும் அதே இரவு மிதமாக இருக்கும். ஆனால் குளிரலை காற்றோடு வரும் இரவுகளில் இந்த மேடு பள்ளக் கணக்கு செல்லாது. அப்போது காற்றுமறைவு ஒன்றுதான் வேறுபாட்டைத் தரும். இந்த இரண்டு வகை இரவுகளையும் குறிப்பேட்டில் தனித்தனியாக எழுதுவது அவசியம்.

ஒப்பீட்டை அமைத்தல்

ஒப்பிடும் வகைகள் ஒவ்வொன்றிலும் ஒன்றை மட்டும் நட்டுப் பார்ப்பது தற்செயலைப் பார்ப்பதாகும். இடம் இருந்தால் மூன்று, இல்லாவிட்டால் இரண்டு கன்றுகளாவது வேண்டும். அவற்றை ஒரே இடத்தில் குவிக்காமல், மற்ற வகைகளோடு கலந்து தோட்டத்தின் வெவ்வேறு பகுதிகளில் நடவேண்டும். சுவரோரத்து ஃபாக்ஸ்டெயிலையும் பள்ளத்து ராயலையும் பார்த்து வகைகளைத் தரம் பிரித்தால், அளக்கப்பட்டவை சுவரும் பள்ளமும்தான்.

வயதும் உயரமும் ஒத்திருக்க வேண்டும். பொதுவாக இளங்கன்று முதிர்ந்த மரத்தைவிட மென்மையானது. திசு மெல்லியது, போதாக்குறைக்குக் குருத்து தரையை ஒட்டிய மிகக் குளிர்ந்த காற்றில் நிற்கிறது. இதற்கு மாறானவையும் உண்டு. நம் பனைமரத்தின் முளை முதலில் மண்ணுக்குள் ஆழமாக இறங்கி, அங்கிருந்தே இலையை மேலே அனுப்புகிறது; அதன் வளர்முனை சில ஆண்டுகள் மண்ணின் காப்பில் இருப்பதால், மேலே உள்ள ஓலை முழுதும் கருகினாலும் மீண்டும் துளிர்க்கக்கூடும். பிஸ்மார்க் பனையும் இந்த வழக்கமுடையது. இத்தகைய கன்று பிழைத்ததை வைத்து, அதே வயதில் தண்டு வெளியே தெரியும் வகையைவிட இது உறுதியானது என்று முடிவு கட்டுவது நியாயமாகாது. தண்டு மண்ணைவிட்டு எழுந்த பிறகு மீண்டும் ஒப்பிட வேண்டும்.

நடவுக்கும் முதல் குளிருக்கும் இடையே ஒரு முழுச் சூடான பருவமாவது இருக்க வேண்டும், ஏனெனில் பனைகள் சூடான மண்ணில்தான் வேர் விடுகின்றன. தொட்டியில் நிற்கும் செடியை நிலத்துச் செடியோடு ஒப்பிடவே கூடாது: தொட்டி மண் ஓரிரவில் காற்றின் வெப்பநிலைக்கே இறங்கிவிடும், நிலம் அப்படி இறங்காது.

ஊட்டம் பற்றி அதிகம் பேசப்படுவதில்லை என்பது என் மனக்குறை. சாம்பல் சத்துக் குறைந்த பனை குளிரில் கூடுதலாக அடிபடுகிறது. அந்தக் குறையோ பனைகளில், குறிப்பாக மணல் நிலத்தில், மிகப் பரவலானது. இரண்டு வகைகளில் ஒன்று மஞ்சள் ஆரஞ்சுப் புள்ளிகளோடு முதிர் ஓலைகளைச் சுமந்து நின்றால், முதலில் அதைச் சரிசெய்துவிட்டு அடுத்த குளிர்காலத்துக்கு ஒப்பீட்டைத் தள்ளிவைப்பதே முறை. குளிருக்குச் சற்று முன் தழைச்சத்தை மட்டும் அள்ளிக் கொடுத்து இளங்குருத்தைத் தூண்டுவதையும் தவிர்க்க வேண்டும்.

காப்பு கொடுத்த செடியின் பதிவு தனிக் கணக்கு. இழக்க மனமில்லாத ஒரு கன்றைச் சணல் சாக்காலோ தடித்த துணியாலோ இரவில் மூடிப் பகலில் திறக்கலாம்; பிளாஸ்டிக் தாள் ஓலையைத் தொட்டால் தொட்ட இடமெல்லாம் கருகும். உள்ளே விளக்கு வைப்பதென்றால் பழைய இழைக் குமிழ்விளக்குதான் சூடு தரும், எல்இடி தராது. முந்தைய நாள் மண்ணை நனைத்துவைப்பது அனைத்துச் செடிகளுக்கும் சமமாகச் செய்யத்தக்கது, ஈர மண் உலர்மண்ணைவிட வெப்பத்தைக் கூடுதலாகத் தேக்கும். இரவெல்லாம் ஓலைமேல் நீர் தெளிக்கும் முறையை வீட்டுத் தோட்டத்துக்கு நான் பரிந்துரைப்பதில்லை: ஒரு கிராம் நீர் உறையும்போது 80 கலோரி வெப்பம் வெளிப்படுவது உண்மைதான்; ஆனால் பாதியில் தெளிப்பு நின்றால் ஆவியாதலால் குளிர் கூடும், தெளிப்பு நிற்காவிட்டால் பனிக்கட்டியின் பாரத்தில் மட்டை முறியும்.

சேதத்தைப் படித்தல்

குளிர் விட்ட மறுநாள் காலையில் எழுதும் குறிப்பு பெரும்பாலும் தவறாகவே இருக்கும். உறைந்த ஓலை முதலில் நீர் கோத்தது போலக் கரும்பச்சையாகத் தெரிந்து, வெயில் பட்டபின் சில நாள்களில் சாம்பலும் பழுப்புமாக மாறும். உறைநிலைக்கு மேற்பட்ட குளிரின் புள்ளிகள் வாரங்கள் கழித்தும் தோன்றலாம். முதல் மதிப்பீட்டை இரண்டு வாரம் கழித்துச் செய்வது போதும். ஒவ்வொரு மட்டையிலும் கருகிய பரப்பு எத்தனை விழுக்காடு என்று கண்ணளவால் மதிப்பிட்டு, மட்டைகளைக் குருத்திலிருந்து கீழ்நோக்கி எண்ணிட்டு எழுத வேண்டும். வானைப் பார்த்த, இளைய மட்டைகள் அதிகம் கருகியிருந்தால் அது குளிர். அடியிலுள்ள முதிர் மட்டைகள் மட்டும் நுனியிலிருந்து காய்ந்திருந்தால் பெரும்பாலும் சத்துக்குறை. இதைப் பிரிக்கத் தவறியதால் கெட்டுப்போன ஒப்பீடுகள் ஏராளம்.

அடுத்த சோதனை குருத்து. விரியாத நடுக்குருத்தைப் பிடித்து மெல்ல இழுத்தால் அது அசையாமல் இருக்க வேண்டும். கையோடு வந்துவிட்டால், அடியில் குருத்தழுகல் தொடங்கிவிட்டது. நாற்றமே அதைச் சொல்லும். குளிரில் நைந்த திசுவில் பாக்டீரியாவும் பூஞ்சையும் புகுவதே இதன் காரணம் என்பதால், குழியை உலரவிட்டு, தாமிரம் கலந்த பூஞ்சைக்கொல்லியை ஊற்றி, ஒரு வாரம் பத்து நாள் கழித்து மற்றொரு முறை கொடுக்கலாம். அதற்கு மேல் கொடுத்தால் தாமிரமே நஞ்சாகும். குருத்து வந்துவிட்ட செடியைச் செத்த கணக்கில் சேர்க்க அவசரப்படக்கூடாது, வளர்முனை அதற்கும் கீழே உயிரோடு இருக்கக்கூடும். கருகிய மட்டைகளை உடனே வெட்டித் தோட்டத்தைத் துப்புரவாக்கும் ஆசையையும் அடக்க வேண்டும். பாதி பச்சையாக உள்ள மட்டையும் மரத்துக்கு உணவு தருகிறது, முழுதும் காய்ந்த மட்டைகூட அடுத்த குளிர் இரவில் குருத்துக்குப் போர்வை.

மூன்றாவது மதிப்பீடு வளர்ச்சி தொடங்கிய பின். குளிரின்போது கொண்டைக்குள் சிறு வடிவில் இருந்த ஓலைகள் மாதக்கணக்கில் கழித்தே வெளியே வரும். அவை நுனி கருகியோ, சுருங்கியோ, பாதி ஓலைக்கால்கள் இல்லாமலோ வந்தால், வளர்முனையை ஒட்டியே குளிர் தொட்டிருக்கிறது என்று பொருள். அவற்றுக்குப் பின் வரும் ஓலைகள் செம்மையாக இருந்தால் மரம் மீள்கிறது. மீளும் வேகமும் ஒப்பீட்டில் சேர வேண்டும். நல்ல சூட்டில் வளரும் முதிர்ந்த தென்னை மாதத்துக்கு ஒரு மட்டை வீதம் விடும். அந்த வேகம் இல்லாத வகை ஒரே அளவு ஓலையை இழந்தாலும், அடுத்த குளிர்காலத்தைப் பாதிக் கொண்டையோடு சந்திக்க நேரும். ஒரு குளிரைத் தாங்கும் வகைக்கும், ஆண்டுதோறும் தாங்கி அழகாகவும் இருக்கும் வகைக்கும் உள்ள வேறுபாடு பெரும்பாலும் இந்த வேகத்தில்தான் இருக்கிறது.

ஒரே ஒரு குளிர்காலத்தின் முடிவுகளை வரிசையாக எழுதி நிறுத்திவிடுவதும் போதாது. மிதமான ஆண்டில் எல்லா வகைகளும் தப்பும், கொடிய ஆண்டில் எல்லாம் மடியும். வகைகளைப் பிரித்துக் காட்டுவது இடைப்பட்ட ஆண்டுதான். 2021 பிப்ரவரியில் டெக்சாஸைத் தாக்கிய குளிரலையில் குயின் பாம்களும் மெக்சிகோ வாஷிங்டோனியாக்களும் ஏராளமாக மடிந்தன, சபால் பனைகள் பெரும்பாலும் தப்பின. குயினுக்கும் மெக்சிகோ வாஷிங்டோனியாவுக்கும் இடையே எது உறுதியானது என்பதை, இரண்டும் ஒருசேர மடிந்த இடங்களில் அந்த ஆண்டு சொல்லியிருக்க முடியாது. எனவே ஒவ்வொரு குளிர்காலத்துக்கும் தாழ்நிலை, பூச்சியத்துக்குக் கீழ் கழிந்த மணி நேரம், ஈரமா உலர்வா, காற்றா அமைதியா என்ற நான்கையும் முதல் வரியில் எழுதி, அதன் கீழே செடிகளின் மதிப்பீடுகளை எழுதிவர வேண்டும். "பிழைத்தது" என்ற சொல்லுக்கான கட்டத்தை மட்டும் அடுத்த கோடை முழுவதும் கழியும்வரை காலியாக விட்டுவைப்பது நல்லது, தண்டுக்குள் பட்ட அடி அதற்கு முன் தன்னைக் காட்டிக்கொள்ளாது.